வெண்மலை நாட்டுத் தப்பட்டைக்காரன்

கைக்கு ஒரு வேலை தெரியும் என்றால் அதைச் செய்தே ஆக வேண்டுமா?

வீரபாண்டியில் நாங்கள் வேலை செய்யும் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டே அருள்குமார் இப்படிக் கேட்டார். "ஏனுங்ணா இப்படிக் கேக்கறீங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் இந்தக் கதை. அவர் சொல்லாமல் விட்ட இடங்களை, முன்பு இருந்த கம்பெனியில் அவரோடு வேலை செய்த தேவிப்பிரியா அக்கா சொல்லி நிரப்பினார். அருள்குமார் என்னைவிட மூத்தவர். ஆனாலும் கதைக்குள் 'அவன்' என்றே எழுது, அப்போதுதான் கதை மாதிரி இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டார்.

நல்லூரில் லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது அருள்குமாருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. லிங்கசாமிக்கும் அவனுக்கும் சொந்த ஊர் ஒன்றுதான், ஊத்துக்குளிக்குப் பக்கத்தில். ஊர் ஒன்று என்றாலும் தெரு வேறு. லிங்கசாமி குடும்பத்துக்கு அங்கே தோட்டமும் பெரிய வீடும் இருந்தன. அருள்குமாரின் அப்பா நல்லான் அந்த ஊர்ச் சாவுகளுக்குத் தப்பட்டை அடிப்பவர், குழி வெட்டுபவர். அவருடைய அப்பாவும் அதையேதான் செய்தார். ஊருக்குள் யார் வீட்டில் உயிர் போனாலும் முதல் ஆள் ஓடி வருவது நல்லான் வீட்டைத் தேடித்தான்.

மகனுக்கு வேலை கேட்டு வந்த நல்லான் கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "உள்ள வா நல்லா, அட, வான்னு சொல்றனல்ல" என்று லிங்கசாமி கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"இருக்கட்டுங்க சாமி. பையனுக்கு ஒரு வேல போட்டுக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

வேலை கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அருள்குமார் அப்பாவிடம், "இனி நான் தப்பட்டையத் தொட மாட்டனப்பா" என்றான்.

"தொடாத" என்றார் நல்லான். அதற்கு மேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

தொடமாட்டேன் என்று சொன்னானே தவிர, அவனுக்கு அடிக்க வராமல் இல்லை. நன்றாகவே வரும். சின்ன வயதில் அப்பாவோடு போகாத சாவு வீடு கிடையாது. கம்பெனியில் யாராவது, "உன்ற அப்பனாட்ட நீயும் அடிப்பயா அருளு?" என்று கேட்டால், "எனக்கு அதெல்லாந் தெரியாதுங்க" என்பான். தெரியும் என்றால் கூப்பிடுவார்கள். தெரியாதவனைக் கூப்பிட்டு என்ன செய்வது? அந்த ஒரு பொய்யைத் தன்னைச் சுற்றி வேலி போலக் கட்டி வைத்திருந்தான். வருடக்கணக்கில் அந்த வேலியை யாரும் தாண்டவில்லை.

கம்பெனியில் முதலில் வெட்டிய துணித் துண்டுகளைக் கட்டிய பீஸ் கட்டுகளை மெஷின்களுக்குத் தூக்கிக்கொடுக்கும் வேலை. பிறகு கட்டிங் மேசையில் துணி விரிக்கும் வேலை. துணியைச் சுருக்கம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டால், கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் மேலே ஒரு காகிதத்தை வைப்பார். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாம் எந்தெந்த இடத்தில் வர வேண்டும் என்று கோடு போட்ட காகிதம். துணி வீணாகாமல் அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி வரைவதில்தான் மாஸ்டரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அருள்குமாருக்கு அந்தக் காகிதத்தின் மேல் ஒரு பைத்தியமே உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பழைய அட்டைகளைப் போட்டுத் தானும் வரைந்து பார்ப்பான். ஒரு நாள் சென்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இந்தப் பையன என்ற மேசைக்குக் குடுத்துருங்க. எனக்கு ஒரு ஆளு வேணுமுல்ல" என்றார்.

"அடுத்த பெரிய ஆர்டர் வரட்டும். அருளு மேசைக்கு வரட்டும்" என்றார் லிங்கசாமி.

மேசைக்கு வருவது என்றால் கத்தியைக் கையில் பிடிப்பது. மாஸ்டர் ஆவதற்கு அதுதான் வழி. மாஸ்டரை யாரும் "நல்லான் பையன்" என்று கூப்பிட மாட்டார்கள், மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அருள்குமார் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

பெரிய ஆர்டர் வரவில்லை. வந்தது மந்தம். அமெரிக்காவில் எங்கேயோ வங்கிகள் கவிழ்ந்தன என்று பேப்பரில் போட்டார்கள். அந்தக் கவிழ்ச்சி நல்லூர் வரைக்கும் வந்து சேர்ந்தது. 2009ஆம் வருடத்தில் பாதி நாட்கள் மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டு தூங்கின. மதுரைப் பக்கத்து ஆட்களும் பீகார்க்காரர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். உள்ளூர்க்காரர்களை மட்டும் லிங்கசாமி விடவில்லை. "அரை ஷிப்டாச்சும் வந்து உக்காருங்க. ஆளு போயிட்டா அப்பறம் திரும்பக் கெடைக்க மாட்டீங்க" என்றார். வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருப்பது தைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் லிங்கசாமியின் மகன் ரித்தீஷ் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வந்து சேர்ந்தான். நல்ல பையன், யாரோடும் சேர்ந்து உட்காருவான். அவன் கையில் ஜெராக்ஸ் எடுத்த தடிப் புத்தகம் ஒன்று. சட்டைப் பையில் இருபது முகமுள்ள ஒரு பகடை. காலேஜ் ஹாஸ்டலில் விளையாடிய விளையாட்டு என்று சொல்லி, சும்மா கிடந்த கட்டிங் மேசையைச் சுற்றி மூன்று பேரை உட்கார வைத்தான். அருள்குமார், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த தேவிப்பிரியா, சூப்பர்வைசர் கந்தவேல். கந்தவேல் ரித்தீஷுக்கு மாமன் மகன்.

"இதுல கட்டம் கெடையாது, காயும் கெடையாது" என்றான் ரித்தீஷ். "நான் கதை சொல்லுவேன். நீங்க ஆளுக்கொரு வேஷம். உங்க ஆளு என்ன செய்யறான்னு நீங்க சொல்லோணும். முடியுமா முடியாதான்னு பகடை சொல்லும்."

"தெருக்கூத்தாட்டங்களா?" என்றாள் தேவிப்பிரியா.

"உக்காந்துட்டே ஆடற கூத்து."

கதை நடக்கும் இடத்துக்கு வெண்மலை நாடு என்று பெயர் வைத்தான். பனி மூடிய மலை, பாழடைந்த கோட்டை, காட்டுக்குள் ராட்சசர்கள். கந்தவேல் உடனே வாள் வீரனாகிவிட்டார். தேவிப்பிரியா வில்லை எடுத்துக்கொண்டாள். ஆனால் புத்தகத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. சண்டையில்லாத தொழில்கள். ஒவ்வொருவருக்கும் ஆயுதம் போக ஒரு தொழிலும் தெரிந்திருக்க வேண்டும். கொல்லன், தச்சன், படகோட்டி, மருந்து அரைப்பவன், வரைபடம் வரைபவன் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

"சண்டை போடாத வேலைக்கு எதுக்கு மாப்ள இத்தன பக்கம்?" என்று கேட்டார் கந்தவேல்.

"மச்சான், எந்நேரமும் வெட்டீட்டேவா இருப்பாங்க? ஆறு தாண்டோணும். சோறாக்கோணும். வழி தெரியோணும். வாளை வெச்சுட்டு சோறாக்குவீங்களா?"

"வெங்காயம் அரியலாமுங்க" என்றாள் தேவிப்பிரியா. எல்லோரும் சிரித்தார்கள்.

அருள்குமார் மட்டும் அந்தப் பக்கங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் வரைபடம் வரையறவனா இருக்கறனுங்க, சின்னவரே. வாள் வேண்டாமுங்க" என்றான்.

ரித்தீஷ் புத்தகத்தைப் புரட்டினான். "அப்படி எடுக்க முடியாது அருளு. ரூல் இருக்குது. ஆளோட அப்பன் என்ன தொழில் செஞ்சானோ அதுதான் பையனுக்கும் தெரியும். அப்பன் தொழிலை இந்த அட்டவணையில பகடை போட்டுக் கண்டுபுடிக்கோணும்."

"அப்பப் போடுங்க பகடைய."

ரித்தீஷ் பகடையை எடுத்தான். உருட்டுவதற்குள் கந்தவேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பகடை எதுக்கு மாப்ள? நம்மளுக்குத்தான் தெரியுமே யாரு அப்பன் என்ன தொழில்னு. உங்கூட்டுல பண்ணயம், நீ ராஜா. எங்கூட்டுலயும் பண்ணயம், நான் பண்ணையாரு. தேவி அப்பன் டெய்லரு. அருளுக்குத் தப்பட்டை. எழுதிக்க."

"இல்லீங்க, போட்டே பாக்கலாமுங்க" என்றான் அருள்குமார்.

"ஏன்டா, பகடை போட்டு அப்பன மாத்திக்கலாம்னு பாக்கறயா?"

கந்தவேல் சிரித்தார். பக்கத்து மெஷினில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ரித்தீஷுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கும் அது சுலபமான வழியாகத் தெரிந்தது. "கதைக்கு நல்லாத்தான் இருக்கும் அருளு. வெண்மலை நாட்டுல ஒரு தப்பட்டைக்காரன், குழி வெட்டத் தெரிஞ்சவன். புதுசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, ஆளுக்கொன்றாக விவரம் குறித்து வைக்கும் அட்டையில் எழுதிவிட்டான். எந்த நாட்டுப் புத்தகமோ அது, எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடினார்களோ. அப்பன் தொழிலைப் பகடை போடாமலே எழுதிவைத்தவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

அருள்குமார் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எழுந்து போனால் கோபித்துக்கொண்டான் என்பார்கள். கோபித்துக்கொண்டவனை மேசைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் உட்கார்ந்திருந்தான்.

முதல் சில நாட்கள் அவன் ஒப்புக்குத்தான் ஆடினான். "தப்பட்டைக்காரன் என்ன செய்யறான்?" என்று ரித்தீஷ் கேட்டால், "பின்னால வர்றானுங்க" என்பான். கந்தவேலின் வாள் வீரன் ராட்சசர்களை வெட்டித் தள்ளினான். தேவிப்பிரியாவின் அம்பு பாதி நேரம் மரத்தில் போய்க் குத்தியது. அவள் பகடைக்கு அப்படியொரு ராசி.

பிறகு ஒரு நாள் கதை ஒரு ஊருக்குள் போனது. கொள்ளைநோய் வந்த ஊர். தெருவில் பிணங்கள் கிடக்கின்றன, எல்லா வீடும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. மலையைத் தாண்டும் வழி அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். கந்தவேல் கதவை உடைக்கப் பார்த்தார், பகடை விழவில்லை. தேவிப்பிரியா கெஞ்சிப் பார்த்தாள், அதுவும் விழவில்லை.

"தப்பட்டைக்காரன்?" என்றான் ரித்தீஷ்.

"அடிக்கறானுங்க."

"சும்மா அடிச்சா? என்ன அடி, எப்படி அடின்னு சொல்லு. நல்லாச் சொன்னா புள்ளி எச்சாக் கெடைக்கும்."

அருள்குமார் சொல்ல ஆரம்பித்தான்.

"மொதல்ல ஊருக்குச் சேதி சொல்ற அடிங்க. அது நிதானமா இருக்கும், நடுவுல எடம் விட்டு விட்டு அடிக்கோணும். அந்த எடத்துலதான் கேக்கறவனுக்குப் பகீர்னு இருக்கும். செத்தது வயசானவிங்களா, சின்ன வயசான்னு அடியக் கேட்டே தோட்டத்துல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிருமுங்க. பாடை தூக்கறப்ப அடி மாறும், காலு தானா நடக்கற மாதிரி. முக்குல பாடைய எறக்கித் திருப்புவாங்கல்ல, அப்ப ஒரு அடி. குழிகிட்டப் போனா அடி கெடையாதுங்க. மண்ணு விழுகற சத்தம் மட்டுந்தான் கேக்கோணும்."

சொல்லிக்கொண்டே இருந்தவனுடைய விரல்கள் எப்போது மேசைமேல் போயின என்று அவனுக்கே தெரியாது. கட்டிங் மேசை நீளமான மரப்பலகை. அடித்தால் உள்ளே போய் முழங்கித் திரும்பி வரும். சேதி சொல்லும் அடி, தூக்கும் அடி, திருப்பும் அடி எல்லாவற்றையும் வெறும் விரலால் அடித்துக் காட்டினான். மெஷின் ஓடாத கம்பெனியில் அந்தச் சத்தம் மூலை முடுக்கெல்லாம் போனது. செக்கிங் பெண்கள் எழுந்து வந்தார்கள். சென்னியப்பன் வெற்றிலையை மெல்லாமல் நின்றார். அவன் கையை எடுத்தான்.

"எனக்கு மயிரு நட்டுக்கிச்சு பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினாள் தேவிப்பிரியா.

"பகடையே வேண்டாம்!" என்று கத்தினான் ரித்தீஷ். "ஊரே கதவத் தொறந்துருச்சு. ஒவ்வொரு ஊட்டுல இருந்தும் ஆளு வந்து அழுகறாங்க. அருளு, பிரமாதம் போ!"

அந்தக் கம்பெனியில் அவ்வளவு பேர் தன்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அருள்குமார் என்னிடம் சொன்னார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சந்தோஷமாக இருந்தாராம். பாதி வழியில்தான் உறைத்ததாம், வேலியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டோம் என்று.

அதற்குப் பிறகு வெண்மலை நாட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் தப்பட்டைக்காரனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் அட்டையில் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. ஒரு வேலையைச் செய்யச் செய்ய அந்தத் திறமை கூடும் என்பது அந்த விளையாட்டின் விதி. வேறு தொழில் கற்க வேண்டுமென்றால் இன்னொரு ஆள் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்க அந்தக் கதைக்குள் யாரும் வரவில்லை.

அந்த வருட மழைக்குப் பின்னால் மூட்டுக்காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா. ஊத்துக்குளிப் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை, ஊத்துக்குளிக்குப் பேர் வாங்கிக்கொடுத்த வெண்ணெய்க் கடைகளே சில நாள் பூட்டிக் கிடந்தன. நல்லானுக்கும் வந்தது. காய்ச்சல் விட்டாலும் மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் போய், சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. மனைவி வேலாத்தாள்தான் ஊட்டிவிட்டாள். அந்தத் தெருவில் தப்பட்டை அடிக்கிற அத்தனை பேர் கையும் அப்படித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து லிங்கசாமியின் அப்பா நஞ்சப்பன் இறந்துபோனார். நல்ல சாவுதான், நிறைந்த வயது.

கம்பெனிக்கு லீவு விட்டு எல்லோரையும் வேனில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். அருள்குமாரும் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனான். பெரிய வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தது. சனம் கூடியிருந்தது. ஆனால் சத்தம் இல்லை. தப்பட்டைச் சத்தம் இல்லாத சாவு வீடு எல்லோருக்குமே என்னவோ போல இருந்தது. பெருந்துறையில் இருந்து பேண்டு செட்டு கொண்டு வரலாம் என்றார் ஒருவர். "ராஜா மாதிரி இருந்த மனுசன், சினிமாப் பாட்டு வாசிச்சா அனுப்பறது?" என்று பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பக்கத்து ஊர்களில் கேட்டால் அங்கேயும் கை வீங்கியவர்கள்தான்.

அப்போது ரித்தீஷ் வாய் திறந்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாத்தாவுக்குக் குறை வைக்கக் கூடாது என்றுதான் சொன்னான். "அப்பா, நம்ம அருளுக்குத் தெரியும்ப்பா. எல்லா அடியும் தெரியும்."

லிங்கசாமி மொட்டையடித்த தலையோடு, ஈரத் துண்டோடு வேன் பக்கம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அருள்குமாரின் தோளில் கை வைத்தார். அதற்கு முன்னால் அவர் அவனைத் தொட்டதே கிடையாது.

"கண்ணு, எங்கப்பனுக்கு ஒருக்கா அடிச்சு உட்டுரு கண்ணு."

மிரட்டியிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார்.

"எனக்குத் தெரியாதுங்க மொதலாளி" என்றான் அருள்குமார்.

"தெரியாதா?" பின்னால் இருந்து கந்தவேல் வந்தார். "மேச மேல அடிச்சு எல்லாரையும் மெரள வெச்சயே, அது யாருடா?"

"அது வெளயாட்டுக்குங்க."

"வெளயாட்டுக்குத் தெரியும், சாவுக்குத் தெரியாதா?"

சனம் திரும்பிப் பார்த்தது. தேவிப்பிரியா வேனுக்குள் இருந்தபடி, வேண்டாம் என்று ரித்தீஷிடம் கையைக் காட்டினாள். ரித்தீஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெரியாது என்ற சொல் இனி நிற்காது என்று அருள்குமாருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே வழிதான் மிச்சம். இன்றைக்கு அடித்தால் கத்தி கைக்கு வரும். ஆனால் இந்த ஊரில் அடுத்த சாவுக்கும், அதற்கடுத்த சாவுக்கும் கம்பெனிக்குப் போன் வரும். மாஸ்டரே ஆனாலும் மேசையில் இருந்து இறங்கி வர வேண்டியிருக்கும்.

"தெரியுமுங்க மொதலாளி" என்றான். "அடிக்க மாட்டனுங்க."

லிங்கசாமி தோளில் இருந்து கையை எடுத்தார். திட்டவில்லை. "சரி கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார். கந்தவேல்தான், "வேல போட்டுக் குடுத்த ஊட்டுல நின்னுட்டு என்ன பேச்சுப் பேசறான் பாருங்க" என்று சத்தமாகச் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் நல்லான் வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. தப்பட்டை தோளில் தொங்கியது. குச்சிகளைக் கையில் பிடிக்க முடியாமல், பழைய பனியன் துணியைக் கிழித்து விரல்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பந்தலுக்கு எட்ட நின்று லிங்கசாமியைக் கும்பிட்டார். கட்டிய குச்சிகளோடு கும்பிட்டார்.

அருள்குமார் ஓடிப் போய், "அப்பா, உட்ரு. ஊட்டுக்குப் போலாம் வா" என்றான்.

"தள்ளி நில்லு கண்ணு" என்றார் நல்லான். கோபமே இல்லாத குரல்.

அடிக்க ஆரம்பித்தார். சேதி சொல்லும் அடி. நடுவில் விட வேண்டிய இடம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. வலி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. வந்திருந்தவர்கள் அதைக் கேட்டு இன்னும் அழுதார்கள், நல்லான் இன்றைக்கு என்னமாக அடிக்கிறான் என்றார்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் அங்கே ஒருவன்தான். அவன் வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பாடை தூக்கினார்கள். தெரு முக்கில் திருப்பினார்கள். குழி வரைக்கும் நல்லான் விடாமல் அடித்துக்கொண்டே போனார். வாங்கி அடிக்க வேறு கை இல்லை. வாங்கத் தெரிந்த கை இரண்டும் பேண்ட் பைக்குள் இருந்தன.

சில வாரத்தில் ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர். மெஷின்களின் மேல் இருந்த துணிகளை எடுத்தார்கள், ரயிலேறிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கட்டிங் மேசைக்குக் கந்தவேலின் சொந்தக்காரப் பையன் ஒருவன் புதிதாக வந்து நின்றான். சென்னியப்பன் அருள்குமாரின் முகத்தைப் பார்க்காமல், "நான் கேட்டுப் பாத்தேன் அருளு. என்ற கையில என்ன இருக்குது" என்றார். லிங்கசாமி எப்போதும் போல, "சாப்டாச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பழையபடி பீஸ் கட்டுகளைத் தூக்கிக்கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ரித்தீஷ் ஒரு மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அருளு, ஞாயித்துக்கிழம வெளயாடலாமா? உன்ற ஆளை வரைபடக்காரனா மாத்திடலாம். அட்டைய புதுசாவே எழுதித் தர்றேன்."

"அங்க மாத்தி என்னங்க ஆகுது, சின்னவரே?"

"நான் அப்பாகிட்டப் பேசறேன். இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்."

"நீங்க பேசுனதே போதுமுங்க."

நக்கலாகச் சொல்லவில்லை. அப்படியே வந்துவிட்டது. ரித்தீஷ் எழுந்து போனான். அந்த மாதமே அருள்குமார் வேலையை விட்டு நின்றுகொண்டான்.

நல்லானின் வீக்கம் வடிந்தது, ஆனால் கை பழையபடி ஆகவில்லை. வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. அந்த ஊரில் இப்போது சாவுக்குப் பேண்டு செட்டுதான் வருகிறது. நல்லானைக் குழி வெட்டவும் கூப்பிடுவதில்லை. கடப்பாரை பிடிக்க முடியாதே. நாள் முழுக்க வீட்டு முன்னால் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கையைத் திறந்து திறந்து மூடிப் பார்க்கிறார்.

ஒரே ஒரு தடவை அந்த நாளைப் பற்றிப் பேசினாராம். அருள்குமார் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தபோது.

"நீ அடிக்காததுக்கு எனக்குக் கோவமில்ல கண்ணு. நானே தொடாதன்னு சொன்னவன்தான. தெரியும்னு எதுக்குச் சொன்ன? தெரியாதுன்னே நின்னுருக்கலாமுல்ல?"

"பொய் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போச்சப்பா."

நல்லான் மடங்காத விரல்களால் சோற்றை மெல்ல ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார்.

அருள்குமார் இப்போது எங்கள் கம்பெனியில் துணி விரிக்கிறார். இங்கே அவருடைய அப்பா யார் என்று யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் கேட்கவும் இல்லை. கத்தி இன்னும் அவர் கைக்கு வரவில்லை. முன்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவரும் காத்திருக்கிறார்.

இதைப் படித்தவர்கள் மடித்து வைத்துவிட வேண்டாம். பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஒருவருக்கோ, கதை சொல்லிப் பகடை உருட்டுகிற பிள்ளைகளுக்கோ, ஒரு சாவு வீட்டில் சும்மா நின்றுகொண்டிருக்கிற யாருக்கோ சொல்லுங்கள். பெயர்களை மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை. நல்லான் குச்சியைக் கையோடு கட்டிக்கொண்டு வந்ததை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.